கீரிமலைக்குப் போகும் காரும் அதன் வில்லும்

கீரிமலையை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்வோர் முதலில் எழுதும் சொல் 'ஸ்பிறிங்'. சுண்ணக்கற் பாறைக்கூடாக நிலத்தடியில் வந்து, கடலின் ஓரத்திலேயே கேணியில் தேங்கும் அந்த நன்னீரைக் குறிக்கும் சொல் அது. மோட்டார் காரின் உடலைச் சில்லுகளுக்கு மேலே தாங்கி நிற்கும் உருக்குச் சுருளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். தமிழ் இவ்விரண்டையும் வேறுபிரித்து வைத்திருக்கிறது. ஒன்று ஊற்று, மற்றையது வில். ஊற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். இக்கட்டுரை வில்லைப் பற்றியது.

அண்மைக் காலமாக யாழ்ப்பாணத்து வீதிகளில் நிலத்தோடு ஒட்டினாற்போல் ஓடும் சிறிய கார்களைக் காண்கிறேன். கம்பனி பூட்டி அனுப்பிய சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, அதனிலும் குட்டையான வில்லை வெளியில் வாங்கிப் பூட்டுகிறார்கள். கார் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தாழ்கிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் வளரும் எங்கள் பிள்ளைகளிடையேயும் இந்த விருப்பம் உண்டு. 'பெடியளின் ஆட்டம்' என்று மூத்தவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வண்டி நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது, அதன் சொந்தக்காரர் எந்த வீதியில், எந்தப் பாரத்தோடு, எத்தகைய காலத்தில் வாழ்கிறார் என்பதைச் சொல்லிவிடும். அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் காரின் வில்லுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

வில்வண்டி

மோட்டார் வருவதற்கு முன்பே வில் தமிழுக்கு வந்துவிட்டது. அச்சின் மேல் நேராகப் பெட்டியை வைத்த பார வண்டிக்கும், வளைந்த உருக்குத் தகடுகளின் மேல் பெட்டியை ஏற்றிய பயண வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் முன்னோர் ஒரே சொல்லால் சொன்னார்கள். பின்னதை வில்வண்டி என்றார்கள். தகடுகளின் வளைவு வில்லை ஒத்திருந்தமையால் வந்த பெயர் அது. யாரும் மொழிபெயர்த்துத் தந்த கலைச்சொல் அன்று.

வில்வண்டி வசதியின் சின்னமாகவும் இருந்தது. ஆகவே யார் அதில் ஏறலாம் என்பதும் ஒரு கேள்வியாயிற்று. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுவீதியில் நடமாடுவதே மறுக்கப்பட்டிருந்த காலத்தில், 1893ஆம் ஆண்டு அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டி, அந்த வீதிகளிலேயே ஓட்டிச் சென்றார். கேரளத்தின் சமூக வரலாற்றில் அந்த வில்வண்டிப் பயணம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. வண்டியில் எப்படி அமர்ந்து, எந்த வீதியில் போகிறோம் என்பது வெறும் சௌகரியத்தின் கதை மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

வண்டியைத் தாழ்த்தும் வழக்கத்தின் தொடக்கத்திலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிக்கோ வழிவந்த இளைஞர்கள், பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல்மூட்டைகளை வைத்தும் சுருள்வில்லை வெட்டியும் அவற்றைத் தாழ்த்தினார்கள். ஏனையோர் காரை வேகத்துக்காக மாற்றியமைத்தபோது, இவர்கள் தாழ்வாகவும் மெதுவாகவும் ஓட்டினார்கள். தம்மை ஏறிட்டுப் பாராத நகரத்தின் நடுவே, எல்லாரும் பார்க்கும்படி ஊர்வலம் போவதே அவர்களது நோக்கம். 1958இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், சில்லு வளையத்தின் அடிவிளிம்பைவிடக் கீழே காரின் உடல் இறங்கக் கூடாதென்று தடுத்தது. மறுஆண்டே றொன் அகிர்ரே என்ற இளைஞர், ஆளியைத் தட்டினால் காரை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய திரவ அழுத்த முறையொன்றைத் தம் காரில் பூட்டிவிட்டார். பொலிஸாரைக் கண்டால் கார் உயரும், அவர்கள் போனதும் தாழும். அந்தச் சட்டக் கட்டுப்பாடு 2024ஆம் ஆண்டுதான் முற்றாக நீங்கியது.

ஆக, இன்று யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் தன் காரைத் தாழ்த்தும்போது, தான் அறியாமலே ஒரு நெடிய மரபில் கைவைக்கிறான். ஆனால் அவனுடைய ஊரில் அதற்கு நேரெதிரான இன்னொரு மரபும் இருந்தது.

'ஏ போட்டி'யின் காலம்

இலங்கைக்குப் பிரித்தானியக் கார்கள் தாராளமாக வந்த காலம் 1950கள். ஒஸ்ரின் கம்பனியின் ஏ-40 வரிசையில் டெவன் 1947இலும், சோமர்செற் 1952இலும், கேம்பிறிட்ஜ் 1954இலும் வெளிவந்தன. எங்கள் ஊரில் மூன்றுக்கும் பொதுப்பெயர் 'ஏ போட்டி'. இவற்றோடு மொறிஸ் ஒக்ஸ்போட்டும் மொறிஸ் மைனரும் வந்தன. ஒக்ஸ்போட்டின் ஒரு வடிவம்தான் இந்தியாவில் அம்பாசடராகி 2014 வரை உற்பத்தி செய்யப்பட்டது என்பதைத் தமிழகத்து வாசகர்களுக்கு நினைவூட்டலாம்.

இந்தக் கார்களின் வில்லமைப்பை ஒருமுறை குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏ-40இன் முன்சில்லுகள் இரண்டுக்கும் தனித்தனிச் சுருள்வில். பின்னச்சுக்கு, வில்வண்டியில் இருந்த அதே வகையான தட்டுவில். நீளமான ஒரு தாய்த்தகடு, அதன் கீழே வரவரக் குறுகும் தகடுகள், அவற்றை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் வளைந்த ஆணிகள். மொறிஸ் மைனரின் முன்பக்கம் வேறுவிதம். அங்கே சுருளுக்குப் பதிலாக, காரின் நீளவாக்கில் கிடக்கும் ஓர் உருக்குத் தண்டு முறுகி முறுகிப் பாரத்தைத் தாங்கும். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் பின்னர் 1959இல் மினியையும் வடிவமைத்தார். மினியில் உருக்கு வில்லே இல்லை. அலெக்ஸ் மோல்ட்டன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய இறப்பர்க் கூம்புகள் அந்த வேலையைச் செய்தன.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஒடுங்கிற்று. ஏற்கனவே வந்து சேர்ந்த கார்கள்தாம் இனிக் கார்கள் என்றாயின. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு யப்பானியக் கார்கள் வரும்வரை, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஒரே காரைத் திருத்தித் திருத்தி ஓட்டும் கலை எங்கள் கராஜ்களில் வளர்ந்தது. வில் தளர்ந்தால் புதிதாக வாங்க வழியில்லை. தகடுகளைக் கழற்றிக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள். உலையில் பழுக்கவைத்து, மீண்டும் வளைவு கொடுத்து, எண்ணெயில் தோய்த்துப் பதம் பார்த்துத் தருவார்கள். பதம் தவறினால் தகடு ஒன்று தளரும், அல்லது முறியும். அந்தப் பதத்தை நிறத்தாலும் காதாலும் அறிந்த கைகள் அன்று ஊருக்கு ஊர் இருந்தன. முறிந்துபோன தகடும் வீணாகாது. யாழ்ப்பாணத்துச் சமையலறைக் கத்திகளிலும் தோட்டத்துக் கோடரிகளிலும் பல, ஒருகாலத்தில் ஏதோவொரு லொறியைத் தாங்கியவை.

கூடுதலாக ஒரு தகடு

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது, மின்சாரம் நின்றது, பெற்றோல், டீசல் தொடக்கம் மின்கலம் வரை நூற்றுக்கணக்கான பொருள்களுக்குத் தடை வந்தது. கீரிமலை உள்ளிட்ட வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நகுலேஸ்வரம் கோயில் அதே ஆண்டில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளானது. கோயிலையும் கேணியையும் சுற்றிய நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகிற்று. தந்தைக்கு ஆடி அமாவாசைக் கடன் தீர்க்கக் கீரிமலைக்குப் போய்வந்த தலைமுறைக்கு, யாழ். நகரிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த அந்தக் கேணி எட்டாத இடமாயிற்று.

அந்நாள்களில் நான் பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன், பின்னர் பத்திரிகைக்காரன். அச்சுத்தாள் கிடையாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை வந்த காலம் அது. அப்போது நான் கண்ட விந்தைகளில் ஒன்று, முற்றத்தில் முடங்கிக் கிடந்த கிழட்டு ஏ-40கள் மீண்டும் வீதிக்கு வந்தமை. காரணம் எளியது. புதிய யப்பானிய இயந்திரங்கள் மண்ணெண்ணெய்க்கு இசையவில்லை. பழைய ஒஸ்ரினின் இயந்திரமோ கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகத்தான் அமுக்கும். ஆகையால் இடிப்புச் சத்தத்தோடும் புகையோடும் என்றாலும் அது மண்ணெண்ணெயில் ஓடிற்று. முதலில் சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு இயக்கிவைப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும்.

இயந்திரத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். வில்லைப் பற்றி எவரும் எழுதவில்லை. ஐவருக்கென்று செய்யப்பட்ட கார் அது. அதில் எட்டுப் பேரும் பத்துப் பேரும் ஏறினார்கள். நோயாளியைப் படுக்கவைக்கப் பின்னாசனத்தைக் கழற்றினார்கள். நெல்மூட்டை ஏற்றினார்கள், வெங்காயம் ஏற்றினார்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன குடும்பத்தின் வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றினார்கள். வீதிகளோ பராமரிப்பற்றுக் குண்டும் குழியுமாய்க் கிடந்தன. மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று எச்சரித்தவர் வள்ளுவர். எங்கள் சாரதிகள் அதை மறந்தவர்கள் அல்லர், ஆனால் அளவோடு ஏற்றும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை.

அதனால் பின்பக்கத் தட்டுவில்லில் கூடுதலாக ஒரு தகட்டைச் சேர்த்தார்கள். வேறு வண்டியொன்றிலிருந்து கழற்றிய தகடாக அது இருக்கும், நீளத்தை வெட்டி, நடுத்துளையைப் பொருத்தி இறுக்குவார்கள். ஐந்து தகடு இருந்த இடத்தில் அதே தடிப்பில் ஆறாவது தகடு சேர்ந்தால், வில்லின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். வெறுங்காராக நிற்கும்போது பின்பக்கம் வெட்டுக்கிளியைப் போல உயர்ந்து நிற்கும். பாரம் ஏறியதும் சமநிலைக்கு வரும். வெறும் வண்டியில் பயணம் செய்தவர் முதுகெலும்பை எண்ணிக் கொள்ளலாம். ஆனால் அக்காலத்தில் வண்டி வெறுமையாக ஓடியது மிக அரிது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சில இலட்சம் மக்கள் மழையில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தார்கள். பெரும்பாலோர் நடந்தார்கள், சைக்கிள் தள்ளினார்கள். அந்தச் சனநெரிசலின் நடுவே ஊர்ந்த ஒருசில கார்களும் உழவுயந்திரங்களும், நடக்கமுடியாத முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் சுமந்தன. அன்று கிழட்டுக் கார் ஒன்றின் வில் முறியாமல் இருந்தது என்றால், அதன் பொருள் ஒரு குடும்பத்துப் பாட்டி வழியில் விடப்படவில்லை என்பதுதான். வரலாற்று நூல்களில் இடம்பெறாத ஒரு கராஜ்காரரின் கைவேலையை நான் இப்படித்தான் அளக்கிறேன்.

இதே 1990களில், இதே தீவின் இன்னொரு பக்கத்தில் நடந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், பழைய காரைத் திருத்தி நெடுங்காலம் ஓட்டுவதே புதிய கார் வாங்குவதைவிடச் சிக்கனம் என்ற கொள்கையுடையவர். இலங்கையரான தனபால சமரசேகரவோடு சேர்ந்து, மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிலை அவர் தொடக்கினார். பிறந்த நாட்டில் கைவிடப்பட்ட காருக்கு இலங்கைத் தொழிலாளர் உயிர் கொடுத்தார்கள். தீவின் ஓர் அந்தத்தில் அது ஏற்றுமதித் தொழில். மற்ற அந்தத்தில், தடைகளுக்கு நடுவே, அதே கைத்திறன் உயிர்பிழைக்கும் வழியாக இருந்தது.

விதியும் கணக்கும்

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்து, 2006 ஓகஸ்டில் மூடுண்டு, 2009இன் பின் மீண்டும் திறந்தது. யப்பானிய, இந்தியக் கார்கள் பெருகின. வீதிகள் புதிதாகப் போடப்பட்டன. வலிகாமம் வடக்கின் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கு ரயில் மீண்டும் வந்தது. மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பிக் கீரிமலைக்குக் காரில் போவது மறுபடியும் சாதாரண காரியமாயிற்று. வழவழப்பான வீதி வந்த பின்தான் தாழ்ந்த வில்லும் வந்தது. இதில் குற்றம் காண எதுவுமில்லை. வீதி மாறினால் வில் மாறும்.

ஆனால் வில்லைத் தெரிவுசெய்யும் இளைஞர்கள் கண்ணால் மட்டும் தெரிவுசெய்கிறார்கள் என்பதே என் கவலை. பாடசாலையில் விற்றராசோடு படித்த ஹூக்கின் விதியை இங்கே நினைவுகொள்ள வேண்டும். இழுக்கும் விசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவு என்ற அந்த உண்மையை ரொபேட் ஹூக் 1676இல் எழுத்துகளை மாற்றிக் கோத்த ஒரு புதிராகத்தான் வெளியிட்டார். பிறர் உரிமை கோரிவிடக் கூடாதென்ற அச்சம். 1678இல்தான் புதிரை அவிழ்த்தார். அந்த விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்வோம்.

ஒரு சிறிய காரின் சில்லுக்கு மேலுள்ள வில், ஒரு மில்லிமீற்றர் அமுங்க 20 நியூற்றன் விசை வேண்டும் என்க. கார் நிற்கும் நிலையிலிருந்து, அசைவின் எல்லையிலுள்ள இறப்பர்த் தடுப்பு முட்டும் வரை 70 மில்லிமீற்றர் இடைவெளி என்க. குழியில் விழும்போது அந்த இடைவெளிக்குள் வில் உள்வாங்கக் கூடிய சக்தி 49 யூல். இப்போது காரை 30 மில்லிமீற்றர் தாழ்த்தி, விறைப்பையும் 30 வீதம் கூட்டிய வில்லைப் பூட்டுகிறோம். இடைவெளி 40 மில்லிமீற்றராகக் குறைந்துவிட்டது. அதற்குள் புதிய வில் உள்வாங்குவது 21 யூலுக்கும் குறைவு. அதாவது, முன்பிருந்ததில் பாதி கூட இல்லை. மிச்சத்தை இறப்பர்த் தடுப்பும் காரின் உடலும் எங்கள் முதுகும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பழைய அளவு சக்தியை அந்த 40 மில்லிமீற்றருக்குள் அடக்க வேண்டுமாயின், வில் மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். அது காரன்று, வில்லில்லாத பார வண்டி.

இனி ஆடி அமாவாசைக்கு வருவோம். பின்னாசனத்தில் மூவர், பின்பெட்டியில் பூசைப் பொருளும் மாற்றுடையும். ஒவ்வொரு பின்சில்லுக்கும் 100 கிலோ கூடுகிறது என்று கொள்வோம். அந்தப் புதிய வில் ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் அமுங்கும். இருந்த 40இல் 2தான் மீதி. கார் புறப்படும்போதே தடுப்பின் மேல் குந்திக்கொண்டுதான் புறப்படும். வழியில் ஒரு வேகத்தடை போதும்.

இழப்பு இது. பெறுவது என்ன? காரின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், 3 சென்ரிமீற்றர் தாழ்த்துவது ஏறத்தாழ 5 வீதக் குறைவு. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லுகளுக்குத் தள்ளப்படும் பாரமும் அதே அளவுதான் குறையும். கார் சரிவது கண்ணுக்குத் தெரியக் குறைகிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு வில்லின் விறைப்பால் வருவது, தாழ்வால் அன்று. உயரத்தைத் தொடாமலே விறைப்பைச் சற்றுக் கூட்டியும் அதைப் பெறலாம்.

இவ்வளவும் தெரிந்த பின்பும் தாழ்த்த விரும்புவோர் உண்டு. அழகும் ஒரு தேவைதான். அவர்களுக்கு அனுபவசாலிகளான மெக்கானிக்குகள் சொல்லும் சில நெறிகளைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, இருக்கும் சுருளை வெட்டவும் வேண்டாம், சூடாக்கி இறக்கவும் வேண்டாம். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும், வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக அமராது. தீயில் காட்டினால் உருக்கின் பதம் கெட்டு, நாளடைவில் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாகத் தளரும். கொல்லன் பட்டறையில் சூடாக்கியவர்கள் மறுபடி பதமும் ஏற்றினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது, அந்தக் காருக்கென்றே கணக்கிட்டுச் செய்த வில்லாக இருக்கட்டும். சுருள்வில்லின் விறைப்பு அதன் கம்பித் தடிப்பின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி பத்து வீதம் தடித்தால் விறைப்பு 46 வீதம் கூடிவிடும். 'பார்த்தால் ஒரே மாதிரி இருக்கிறது' என்ற பேச்சு இங்கே செல்லாது. 1951 முதல் இத்தொழிலிலுள்ள ஜேர்மனியின் ஐபாக் போன்ற நிறுவனங்கள் கார் வகைக்கு வகை வேறு வில் செய்வது இதனால்தான். பாரம் ஏற ஏற விறைப்பும் கூடும்படி சுற்றுகளை நெருக்கியும் விலக்கியும் சுற்றிய வில், குடும்பத்தோடு பயணிப்போருக்குச் சற்று உகந்தது.

மூன்றாவது, வில்லோடு அதிர்வு தாங்கியையும் பார்க்க வேண்டும். அமுங்கிய வில் மீள எழுவதை அடக்குவது அதுதான். பழைய வில்லுக்கு அளந்த தாங்கி, விறைத்த வில்லை அடக்கமாட்டாது, சில மாதங்களில் எண்ணெய் கசியும். நான்காவது, சில்லை நிலத்திலிருந்து தூக்கும்போது வில் தன் இருக்கையை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. ஐந்தாவது, தாழ்த்திய பின் சில்லுகளின் கோணத்தைக் கட்டாயம் அளந்து சரிசெய்ய வேண்டும். இல்லையேல் ரயரின் உட்பக்கம் மாத்திரம் தேயும். முன்விளக்கின் கோணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜேர்மனி, சுவிஸ் போன்ற நாடுகளில் உள்ளவர்கள், மாற்றிய வில்லைப் பரிசோதகருக்குக் காட்டி வாகனப் பத்திரத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் அறிய வேண்டியதில்லை.

தகட்டைக் காப்பாற்றுங்கள்

இங்கே இன்னொரு செய்தி என்னை எழுதத் தூண்டியது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது, 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. 1960களின் கதை மறுபடி நிகழ்ந்தது. பழைய கார்களின் விலை ஏறிற்று, முற்றத்து ஏ-40களுக்கும் மைனர்களுக்கும் புதுவாழ்வு வந்தது. புலம்பெயர்ந்தோர் தம் தந்தையின் காரைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். திருமண ஊர்வலத்துக்கும் சுற்றுலாவுக்கும் அவை மினுங்கிக்கொண்டு வருகின்றன. மகிழ்ச்சிதான்.

ஆனால் புதுப்பிக்கும்போது முதலில் கழற்றப்படுவது அந்தக் கூடுதல் தகடு. பின்பக்கம் உயர்ந்து நிற்பது அழகில்லை என்கிறார்கள். கம்பனிச் சித்திரத்தில் அப்படி ஒரு தகடு இல்லை என்கிறார்கள். கழற்றிய தகடு பழைய இரும்போடு கிலோக் கணக்கில் போகிறது.

கம்பனிச் சித்திரத்தில் அது இல்லைத்தான். பேர்மிங்காமில் இருந்து அந்தக் காரை வரைந்தவர்களுக்கு, அது ஒருநாள் மண்ணெண்ணெயில் ஓடும் என்றோ, ஐந்து பேருக்கான ஆசனத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை ஏறும் என்றோ தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அறிவு எங்கள் கராஜ்களில் பிறந்தது. அதற்கு எழுதிவைத்த ஏடு இல்லை, படமும் மிகக் குறைவு. அக்காலத்தில் படம் எடுக்கச் சுருளும் கிடைக்கவில்லை. துளையிட்டு, வெட்டி, இறுக்கிய ஒரு தகடுதான் எஞ்சியிருக்கும் சாட்சி. தந்தை உயர்த்தியதை மகன் தாழ்த்துகிறார். இருவருமே தத்தம் வீதிக்கேற்பச் சரியானதையே செய்கிறார்கள். ஆனால் தந்தை ஏன் உயர்த்தினார் என்பது மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே பழைய கார் வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். வில்லை மாற்றுங்கள், தாழ்த்துங்கள், உங்கள் விருப்பம். மாற்றுவதற்கு முன், நான்கு சில்லுகளுக்கும் மேலே காரின் உடல் நிலத்திலிருந்து எத்தனை அங்குலத்தில் நிற்கிறதென்று அளந்து எழுதிவையுங்கள். தட்டுவில்லின் தகடுகளை எண்ணுங்கள், ஒரு படம் எடுங்கள். கூடுதல் தகடு இருந்தால், அதை யார் எப்போது பூட்டினார், அன்று காரில் யார் யார் ஏறினார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

தகட்டைத் துரு போகத் தேய்த்து, எண்ணெய் பூசி, கராஜின் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். அதிகம் இடம் பிடிக்காது.